புகாரில்லா இல்லம்

மேற்கு மாம்பலத்தில் அனந்தராமன் தன் வீட்டை ஒரே ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு ஆண்டுவந்தார். இரண்டு மருமகள்களில் ஒருத்திக்கு எது வாங்கினாலும் மற்றவளுக்கும் அதுவே, அதே கடையில், அதே நாளில் வாங்கியாக வேண்டும். புடவையானாலும் சரி, குக்கரானாலும் சரி. கீழ்த்தளத்தில் இருந்த மூத்த மருமகள் விசாலாக்ஷிக்கு ஒருமுறை கடைவாய்ப் பல் பிடுங்க நேர்ந்தபோது, மாடியில் இருந்த இளையவள் ஹம்சினியையும் கூடவே அழைத்துக்கொண்டு போனார். இவளுக்குத்தான் எல்லாப் பல்லும் நன்றாக இருக்கிறதே என்று டாக்டர் கையை விரித்துவிட்டதில் அவருக்கு இன்றுவரை மனத்தாங்கல்.

ஆகையால் விசாலாக்ஷி கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் தொழிலில் இறங்கி, அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டபோது வாசலில் இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. அருணோதயா கம்பெனி, ஒரே மாடல், ஒரே கறுப்பு. ஒன்று கீழே தங்கியது, இன்னொன்று மாடி ஏறியது. ஏதோ ஆபீஸ் திறக்கிறார்கள் என்று நினைத்து எதிர்வீட்டுக்காரர் வேலை காலி உண்டா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அருணோதயா கம்ப்யூட்டரை முடுக்கினால் திரையில் ஒரு சேவல் தோன்றி, கழுத்தை நீட்டி ஒருமுறை கூவும். கம்பெனியின் சின்னம் அது. விடிந்தால் கூவுகிற பிராணி என்றுதான் விசாலாக்ஷி அதுவரை எண்ணியிருந்தாள். மாப்பிள்ளையின் கோத்திரத்தை அவள் தட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் திரை தானாக இருண்டது. ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு சேவல் கூவியது. கோத்திரத்தோடு மாப்பிள்ளையும் போயிருந்தார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மாப்பிள்ளை போவார், சேவல் வரும். ஒருமுறை தாத்தாக்கள் நான்கு பேரும் ஒட்டுமொத்தமாகப் போனார்கள். இன்னொருமுறை மண்டபம் போய்விட, கல்யாணம் நடக்கும் இடம் வெற்றிடமாக நின்றது. விசாலாக்ஷி வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவாள். திட்டி முடித்துத் தலையை நிமிர்த்தினால் மேலே மாடி. அங்கே நிசப்தம். அங்கே ஒருநாளும் சேவல் கூவியதில்லை.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஒரே வீடு, ஒரே மீட்டர் பெட்டி, ஒரே மாமனார். ஆனால் மாடிக்குப் போன மெஷின் பதிவிரதையாக இருக்கிறது, கீழே தங்கியது ஊர்சுற்றியாக இருக்கிறது. துணி காயப்போட வந்த ஹம்சினியிடம், எதற்கோ கேட்பதுபோல, உன்னோடது எப்படி இருக்கு என்று கேட்டுப் பார்த்தாள். ஹம்சினி ஈரத் துண்டை உதறிக்கொண்டே, “அது பாட்டுக்குச் சமத்தா உக்காந்துண்டிருக்குக்கா. ஒரு தொந்தரவும் இல்லை” என்றாள். அந்தச் சமத்து என்ற சொல் விசாலாக்ஷியின் நெஞ்சில் நெருஞ்சி முள்ளாகத் தைத்து நின்றது. சின்னவள் சமைக்கிற ரசம் சமத்து, வளர்க்கிற துளசி சமத்து, இப்போது கம்ப்யூட்டரும் சமத்து. அன்று மாலை அவள் தன் மெஷினுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லை. அப்படியானால் திருஷ்டி பலமானதுதான். அது மாடியிலிருந்துதான் இறங்கியிருக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டாள்.

விஷயம் வெறும் பொறாமையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கையில் இருந்தது மந்தைவெளி சூடாமணி மாமியின் பெண் கல்யாணப் பத்திரிகை. மயிலாப்பூரிலும் அடையாறிலும் எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் பத்திரிகை வைக்கப்படும் வீடு மாமியுடையது. அவளுக்குப் பிடித்துவிட்டால் அடுத்த முகூர்த்த மாதம் முழுக்க விசாலாக்ஷிக்கு வேலை இருக்கும். பிடிக்காவிட்டால் தொழில் தொடங்கிய இடத்திலேயே முடிந்தது. மாமியும் ஒளிவு மறைவு வைக்கவில்லை. “மாசக் கடைசிக்குள்ள அச்சுக்குப் போயிடணும். இல்லேன்னா பழைய ஆள்கிட்டயே குடுத்துடுவேன். அப்பறம் நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கப்படாது” என்று சொல்லிவிட்டாள்.

கணவர் வெங்கடரமணனின் ஆபீஸ் லேப்டாப்பில் ஆபீஸைத் தவிர வேறெதையும் திறக்க முடியாது. மாடிக்குப் போய் ஹம்சினியிடம் கேட்கலாம். கேட்டால் கேட்டதாகிவிடும். விசாலாக்ஷி கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தாள்.

போனிலும் வெகுநேரம் சேவல் கூவிய பிறகு ஒரு பெண் குரல் வந்தது. முதல் கட்டமாக மெஷினை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்யச் சொன்னது. அதைத்தான் அது தானாகச் செய்துகொண்டிருக்கிறது என்றாள் விசாலாக்ஷி. மறுமுனையில் ஏதோ தட்டப்படும் சத்தம் கேட்டது.

“முதல் கட்டத்தை உங்க மெஷின் தானாவே செஞ்சுக்குது மேடம். ரொம்ப நல்ல மெஷின். வேற ஏதாவது உதவி வேணுமா?”

விடாப்பிடியாக நின்றதில் அவளை எதிர்பாராத மறுதொடக்கப் பிரிவுக்கு மாற்றினார்கள். எஞ்சினியரை வீட்டுக்கே அனுப்புகிறோம், ஆனால் எதிர்பாராத மறுதொடக்கம் எத்தனை மணிக்கு நடக்கும் என்பதை முதல்நாளே தெரிவிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்டுக்கொண்டது. எதிர்பாராதது எப்போது வரும் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டதற்கு, மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாம் சொல்கிறார்களே என்று பதில் வந்தது. அந்த மற்றவர்கள் மேலும் விசாலாக்ஷிக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது.

அவள் பஞ்சாங்கம் கணிப்பவளைப் போல மெஷினின் முன்னால் உட்கார்ந்து கவனித்தாள். தட்டத் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆனால் அணைகிறது. சும்மா விட்டால் அணைவதில்லை. ஆகவே பதினோரு மணிக்கு என்று துணிந்து சொல்லி, மறுநாள் அதற்கேற்பத் தட்டத் தொடங்கினாள். ஆசிஃப் என்ற எஞ்சினியர் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் பெட்டியுமாக வந்து உட்கார்ந்தான். அவனுக்குக் காப்பி கொடுத்தாள். பதினோரு மணிக்குத் திரை இருண்டது, சேவல் கூவியது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சேவலைக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

ஆசிஃபின் முகம் மட்டும் வாடிப்போயிற்று.

“நீங்க சொன்ன டைமுக்கே கரெக்டா நடந்துடுச்சே மேடம். அப்ப இது எதிர்பார்த்த கோளாறு. எதிர்பார்த்த கோளாறுக்கு வாரண்டி கிடையாது.”

கிளம்புமுன், இதே மாடல் பக்கத்தில் எங்காவது இருக்கிறதா என்று அவன் கேட்டான். ஒப்பிட்டுப் பார்ப்பது கம்பெனியின் விதியாம். விசாலாக்ஷி விரலை மட்டும் மேலே காட்டினாள். அவன் பாதி மாடிப்படி ஏறி, அங்கிருந்தே புகார் ஏதாவது உண்டா என்று குரல் கொடுத்தான். ஒரு புகாரும் இல்லை, சமத்தா இருக்கு என்று ஹம்சினியின் குரல் இறங்கி வந்தது. அவன் அதைக் குறித்துக்கொண்டான். அவன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சம் விசாலாக்ஷி கொடுத்த காப்பிக்குக்கூட வரவில்லை.

அடுத்த நாள் அவள் மெஷினை ஒரு பழைய பெட்ஷீட்டில் கட்டி, தூக்கிக்கொண்டு தியாகராய நகருக்குப் புறப்பட்டாள். மாம்பலம் ஸ்டேஷனைத் தாண்டி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டு நசுங்கி நடந்தாள். எந்தக் கடையில் தள்ளுபடி என்று வழியில் பலர் கேட்டார்கள். வீட்டு மாடிப்படியில் ஏறுவதைவிட இந்தத் தெருவைக் கடப்பது தனக்குச் சுலபமாக இருப்பதை எண்ணி அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் திரும்பவில்லை.

அருணோதயாவின் பழுதுபார்க்கும் இடத்துக்கு வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையம் என்று பெயர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். வாசலில் பெரிய வெண்கல மணி ஒன்று தொங்கியது. குறை தீர்ந்து மகிழ்ந்தவர்கள் போகும்போது அதை அடித்துவிட்டுப் போகலாம் என்று பக்கத்தில் எழுதியிருந்தது. மணிக்கு இன்னும் நாக்கு மாட்டவில்லை.

மெஷினை உள்ளே கொண்டுபோய்க் கண்ணாடி அறையில் கவனிப்பில் வைத்தார்கள். விசாலாக்ஷி சில நாள் கழித்துப் பார்க்கப் போனபோது அது ஏசிக் குளிரில், சக மெஷின்களுக்கு நடுவே பளபளவென்று உட்கார்ந்திருந்தது. தன் வீட்டில் ஒருநாளாவது அந்தக் களை அதற்கு இருந்ததுண்டா என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. பிறந்தகத்துக்குப் போனால் எல்லோருக்கும் உடம்பு தேறத்தான் செய்யும்.

மண்டல மகிழ்ச்சி அதிகாரி பஞ்சாட்சரம் அவளை அறைக்குள் அழைத்து உட்காரவைத்தார். இங்கே வந்ததிலிருந்து மெஷின் ஒருதடவைகூட அணையவில்லை என்றார். இங்கே அதில் என்ன தட்டிப் பார்த்தீர்கள் என்று அவள் கேட்டாள். பஞ்சாட்சரம் அதிர்ந்துபோனார்.

“தட்டறதா? யாரும் கையை வைக்கவே மாட்டோம்மா. தட்டினா கோளாறு வரும். கோளாறு வந்துச்சுன்னா பரிசோதனை கெட்டுடும்ல.”

பிறகு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு குடும்ப டாக்டரின் கனிவோடு, வீட்டில் சூழ்நிலை எப்படி, மெஷின் காதில் விழும்படி யாராவது கோபமாகப் பேசுவது உண்டா என்று விசாரித்தார். விசாலாக்ஷி தலையைக் குனிந்துகொண்டாள். ஆசிஃப் குறித்துக்கொண்டு வந்த தாள் அவர் மேஜையில் இருந்தது. “உங்க ஓரகத்தி வீட்லயும் இதே மாடல்தான். அதே கரண்டு. அதே வூடு. அங்க புகாரே இல்ல. அப்ப வித்தியாசம் மெஷின்ல இல்லைன்னு ஆகுதா இல்லையா?” என்று கேட்டுவிட்டு, மிச்சத்தைச் சொல்லாமல் அவளையே பரிவோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மெஷினைத் திரும்பவும் பெட்ஷீட்டில் கட்டிக்கொண்டாள். ரங்கநாதன் தெருவில் அது முன்னைவிடக் கனத்தது.

அந்த வாரமே மாடிக்கு ஒரு அழைப்பு வந்தது. அருணோதயா கம்பெனி இந்த ஆண்டின் புகாரில்லா இல்லம் விருதுக்குத் திருமதி ஹம்சினியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. தி. நகரில் விழா, பொன்னாடை, சிற்றுண்டி. அனந்தராமன் சந்தோஷத்தில் தெருக்கோடிவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வந்த பிறகுதான் அவருக்குத் தன் சட்டம் ஞாபகம் வந்தது. முகம் தீவிரமாகி, குடையை எடுத்துக்கொண்டு பாண்டி பஜாருக்குக் கிளம்பிப் போனார். ஒரு சின்னப் பொட்டலத்தோடு திரும்பி அதைப் பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

விழாவுக்குப் போகாமலே இருந்துவிடலாம் என்று விசாலாக்ஷி பார்த்தாள். தலைவலி என்றாள். தலைவலி மாத்திரை இரண்டு பேருக்கும் வந்தது. போனாள்.

மண்டபத்தில் கம்பெனியின் அதிகாரிகள் வரிசையாக நின்று, ஆளுக்கொரு முகமாகக் குத்துவிளக்கை ஏற்றினார்கள். முகம் கிடைக்காத அதிகாரிகள் ஏற்றியவர்களைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். மேடையில் ஓர் அருணோதயா கம்ப்யூட்டரும் வைக்கப்பட்டிருந்தது. அதில் விருது பற்றிய படங்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பஞ்சாட்சரம் பேச எழுந்து, வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அது இருண்டு, பெருமூச்சு விட்டு, மண்டபம் அதிரக் கூவியது. நமது நிறுவனத்தின் வாழ்த்தொலி என்று அவர் கைகூப்பினார். கூட்டமும் கைகூப்பியது. அவர் பேச்சின் ஊடே வாழ்த்தொலி இன்னும் பலமுறை எழுந்தது.

“அன்பர்களே, கோளாறு என்பது மெஷினில் இல்லை, அதை எடுத்துச் சொல்லும் வாயில் இருக்கிறது. எங்கள் மையத்தில் ஒரு புகார் தீர்ந்தது என்றால் என்ன அர்த்தம்? புகார் சொன்னவர் நிறுத்திக்கொண்டார் என்று அர்த்தம். அந்த வகையில் எங்கள் சேவை நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போகிறது. இந்த மாடலை வாங்கியவர்களில் புகார் செய்யாதவர் யார் என்று தேடினோம். அண்ணாநகரில் தேடினோம், அடையாறில் தேடினோம், திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் அறை அறையாகத் தேடினோம். சென்னை முழுக்க ஒருவர் கிடைத்தார். அவரை இப்போது மேடைக்கு அழைக்கிறேன்.”

கைத்தட்டல் எழுந்தது. விசாலாக்ஷிக்கு அந்தப் பேச்சின் பொருள் உடனே உறைக்கவில்லை. அவள் கண் பொன்னாடையின் ஜரிகைமேல் இருந்தது. நல்ல அகல ஜரிகை. பட்டுப் புடவையும் மல்லிகையுமாக மேடை ஏறிய ஹம்சினியின் தோளில் அது விழுந்தபோது, இங்கே இவள் தோளில் ஏதோ எரிந்தது.

மெஷினை எப்படிப் பராமரிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், எல்லோருக்கும் பாடமாக இருக்கும் என்று பஞ்சாட்சரம் மைக்கை நீட்டினார். ஹம்சினி மைக்கை வாங்கினாள். மேடையில் நின்று பொய் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

“நான் அதை இன்னும் ஆன் பண்ணவே இல்லை. மேஜை மேல வெச்சது வெச்சபடி இருக்கு. சுத்தியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கலை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தூசி தட்டுவேன், அவ்வளவுதான்.”

முன்வரிசை அதிகாரிகள் பஞ்சாட்சரத்தைப் பார்த்தார்கள். அவர் ஒரே ஒரு கணம்தான் தயங்கினார். பிறகு மைக்கை வாங்கி, தழுதழுத்த குரலில், “இதுதான், இதைத்தான் நாங்க இத்தனை வருஷமா மக்கள்கிட்ட எதிர்பார்த்துக்கினு இருக்கோம்” என்றார். இனி விற்கிற ஒவ்வொரு மெஷினோடும் அம்மையாரின் பராமரிப்பு முறை அச்சிட்டுத் தரப்படும் என்று அங்கேயே அறிவித்தார். எழுந்து நின்று தட்டினார்கள்.

அந்தக் கைத்தட்டல் அடங்குமுன் அனந்தராமன் மேடை ஏறி, மூத்த மருமகளையும் கையைக் காட்டி அழைத்தார். யார் இவர், எதற்கு என்று பஞ்சாட்சரம் கேட்க, எங்க ஆத்து வழக்கம் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பொட்டலத்தைப் பிரித்துப் பாண்டி பஜார் பொன்னாடையை விசாலாக்ஷிக்குப் போர்த்தினார். எந்தச் சாதனைக்கு என்று தெரியாமலே கூட்டம் அவளுக்கும் தட்டியது. போட்டோவும் எடுத்தார்கள். அவளுடைய ஜரிகை ஒரு விரற்கடை குறைச்சல்தான் என்பதை அவள் கவனிக்காமல் இல்லை.

திரும்பும்போது அனந்தராமன் முன்னால் நடந்துவிட்டார். ஸ்டேஷன் மேம்பாலத்தில் இரண்டு ஓரகத்திகளும் பொன்னாடையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்கள். கீழே ஒரு ரயில் போய் முடிந்ததும் விசாலாக்ஷி கேட்டாள்.

“ஏண்டி ஆன் பண்ணலை?”

“எதுக்குக்கா? எனக்கு அதுல என்ன வேலை இருக்கு?” ஹம்சினி கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “கீழேருந்து சேவல் கூவும். உடனே நீங்க திட்டுவேள். அடுப்பைச் சின்னதாக்கிட்டு நின்னு கேப்பேன். போனதேன்னு திட்டறதுக்கு உங்களுக்கு ஒரு வேலைன்னு இருக்கேன்னு தோணும். அப்படியே வயித்தெரிச்சலா இருக்கும். நீங்க தப்பா எடுத்துக்கப்படாது.”

விசாலாக்ஷிக்கு முதலில் வந்தது அவமானம். இத்தனை நாள் கன்றிப்போனது ஒரு பிளாஸ்டிக் உறையைப் பார்த்து. அதன் பின்னாலேயே, தன்னைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரிந்திருக்கிறது என்ற ஒரு சந்தோஷமும் வந்தது. அதை அடக்க அவள் இருமவேண்டியிருந்தது.

“நாளைக்கு மாசக் கடைசி. மாமி காத்துண்டிருக்கா” என்றாள்.

“மாடிக்கு வாங்கோ” என்றாள் ஹம்சினி.

காலையில் உறையைக் கிழித்தார்கள். சேவல் கூவியது. பூஜை அறையிலிருந்து அனந்தராமன் எட்டிப் பார்த்து, இது மாடிச் சேவலா கீழ்ச் சேவலா என்று கேட்டார். விசாலாக்ஷி தட்டத் தொடங்கினாள். பெண், பெண்ணின் அப்பா, அம்மா, தாத்தா எல்லாரும் வந்தாயிற்று. மாப்பிள்ளை மணையில் உட்காரப் போகிற நேரம் திரை இருண்டு பெருமூச்சு விட்டது.

இதுவும் இப்படித்தானா என்று விசாலாக்ஷியின் அடிவயிற்றில் குளிர்ந்த மோர் இறங்கியதுபோல் ஒரு நிம்மதி. அதற்காக அவள் வெட்கப்படுவதற்குள் பக்கத்தில் ஹம்சினி வாயைத் திறந்தாள். கட்டையில போறதே, கடன்காரா, உன் கொண்டை கருக என்று ஆரம்பித்து, கீழே இத்தனை நாள் கேட்டதையெல்லாம் ஒரு சொல் பிசகாமல் அந்தச் சேவலின் மேல் கொட்டித் தீர்த்தாள். கன்னம் சிவந்துவிட்டது. மூச்சு வாங்கச் சிரித்தாள். அவளை அவ்வளவு அழகாக விசாலாக்ஷி பார்த்ததில்லை.

பிறகு ஒரு வழிமுறை வகுத்துக்கொண்டார்கள். ஹம்சினி ஒரு பெயரைப் படிப்பாள், விசாலாக்ஷி தட்டுவாள், உடனே ஹம்சினி சேமிக்கும் பொத்தானை அழுத்துவாள். அதற்குப் பிறகு எத்தனை முறை கூவினாலும் ஒரு சித்தப்பாவுக்கு மேல் நஷ்டம் ஏற்படவில்லை. தனியாக உட்கார்ந்து தட்டிய நாளில் விசாலாக்ஷிக்கு இது தோன்றவே இல்லை. அடுத்த பெயர், அடுத்த பெயர் என்று ஓடிக்கொண்டே இருந்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாப்பிள்ளை, தாத்தாக்கள், மண்டபம், நாதஸ்வரம் எல்லாம் வந்து சேர்ந்து, கல்யாணம் திரையில் களைகட்டி நின்றது.

கடைசியில் அடியில் வடிவமைப்பாளர் பெயர் போட வேண்டும். விசாலாக்ஷி தன் பெயரைத் தட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பக்கத்தில் ஹம்சினி என்றும் தட்டினாள். தட்டியபின் மனசு ஒப்பவில்லை. தொழில் தன்னுடையது, ரங்கநாதன் தெருவில் இடிபட்ட தோள் தன்னுடையது. சத்தமில்லாமல் அந்தப் பெயரின் எழுத்தை மட்டும் ஒரு துளி சின்னதாக்கினாள். பார்த்தால் தெரியாது. அவளுக்குத் தெரியும், அது போதும்.

ஹம்சினி திரையருகே குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“இதுக்கு முன்னாடி என் பேர் அச்சுல வந்தது என் கல்யாணப் பத்திரிகையிலதான்க்கா. அதுலயும் அப்பாவோட தாத்தா பேர்தான் பெரிசா இருந்தது.”

விசாலாக்ஷி மௌஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஏதோ சொடுக்கினாள். இரண்டு பெயரும் ஒரே உயரத்துக்கு வந்து நின்றன.

“என்ன பண்றேள்?”

“ஒண்ணுமில்லை. கண்ணை ஏதோ உறுத்தித்து” என்றாள் விசாலாக்ஷி. “மாமிக்கு அனுப்பு. சீக்கிரம், இது மனசு மாறறதுக்குள்ள.”